நோபல் நம்மாளுக்கு... ரிபோசோம் யாருக்கு?

"நம்ம சிதம்பரத்துக்காரர்!" 2009ல் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் கிடைத்ததும் தமிழ்நாடு முழுக்க இதே பேச்சு. எதற்குக் கிடைத்தது என்று கேட்டால் மட்டும் கப்சிப். அவர் சின்ன வயதிலேயே பரோடாவுக்குப் போனவர். ஒருவர் எந்த நாட்டில் பிறக்கிறார் என்பதே தற்செயல்தான் என்று அவரே சொல்லிவிட்டார். கேட்டால்தானே!

சரி, விஷயத்துக்கு வருவோம். ரிபோசோம் என்பது செல்லுக்குள் இருக்கும் புரத ஃபேக்டரி. 20 வகை அமினோ அமிலங்களை ஆர்டர்படி கோக்கும். சரக்கைச் சுமந்து வருவது டி-ஆர்.என்.ஏ. வேடிக்கை என்னவென்றால், சரக்கு சரியானதுதானா என்று ரிபோசோம் பெரிதாகச் சோதிப்பதில்லை. 1962ல் ஒரு சோதனையில், டி-ஆர்.என்.ஏ. மேல் இருந்த சிஸ்டீனை அலனினாக மாற்றி அனுப்பினார்கள். ரிபோசோம் அதையும் கோத்துவிட்டது!

இந்த ஓட்டையைத்தான் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோஆகி சுகா பிடித்துக்கொண்டார். இயற்கைப் புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களையும் டி-ஆர்.என்.ஏ.வில் ஏற்ற ஃப்ளெக்சிசைம் என்ற கருவியை உருவாக்கினார். அப்படிப் பிறக்கும் பெப்டைடுகளை உடலின் நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. மருந்து தேட இதைவிட என்ன வேண்டும்? 2006ல் பெப்டிட்ரீம் கம்பெனி, 2013ல் டோக்கியோ பங்குச்சந்தை. லாபம் அங்கே, பெருமை மட்டும் இங்கே. பெருமையை எந்த லெட்ஜரிலும் வரவு வைக்க முடியாது மக்களே!

இது தூரத்துக் கதை இல்லை. சிவகாசி வேதியியலை வைத்துப் பிழைக்கும் ஊர். 2018ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டபோது, பசுமைப் பட்டாசு ஃபார்முலா நாக்பூரின் நீரி ஆய்வகத்திலிருந்து வர வேண்டியிருந்தது. ஃபார்முலா எப்போதும் வெளியூரிலிருந்துதானா?

"இங்கே வசதி இல்லை" என்பார்கள். எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துதான், பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பும் என்ற வரைபடத்தை 1963ல் வெளியிட்டார். உலகம் இன்றும் புரத அமைப்புகளை அதை வைத்துத்தான் சரிபார்க்கிறது. வேலை நடந்தது இங்கே. அவருக்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம் இல்லை? இங்கே பிறக்கவில்லை என்பதாலா?

பெருமை பேசினால் பிள்ளைகளுக்கு ஊக்கம் வரும் என்பது அடுத்த சமாளிப்பு. சூலக்கரைப் பையன் இனிமேல் போய் சிதம்பரத்தில் பிறக்க முடியாது. ஆனால் ரிபோசோம் என்ன செய்கிறது என்று படிக்க முடியும். அதை முதலில் சொல்லிக் கொடுங்கள். பிளெக்ஸ் பேனரை அப்புறம் வைக்கலாம்.