கொஞ்சம் என்பது எவ்வளவு?

"கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாது." சீலியாக் நோயோடு வாழ்கிறவர்கள் நம் ஊரில் இந்தப் பேச்சிலிருந்து தப்ப முடியாது. கல்யாணப் பந்தியில் இலையில் பூரியை வைத்துவிட்டுச் சொல்கிறார்கள். கோயிலில் ரவா கேசரியை உள்ளங்கையில் வைத்து, "பிரசாதம்மா, சாமி பாத்துக்குவாரு" என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வருகிறவர்கள் ரொட்டி, ரஸ்க், மால்ட் பான டப்பா என்று கோதுமையையும் பார்லியையும்தான் பையில் கொண்டுவருகிறார்கள். எல்லாரும் வேண்டியவர்கள், பிரியத்தில் சொல்கிறவர்கள். பிரியத்தில் சொன்னாலும் அது பொய். உடம்பைக் கெடுக்கும் பொய். அந்தப் பிரியத்துக்குக் கட்டுப்பட்டு என் தங்கை பட்ட அவஸ்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இதைக் கோபமில்லாமல் எழுத என்னால் முடியாது.

சீலியாக் என்பது சாதாரண ஒவ்வாமை அல்ல, அஜீரணமும் அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது யார் வயிற்றிலும் முழுசாகச் செரிப்பதில்லை. பிறப்பிலேயே அதற்கான மரபணுக்கூறு உள்ளவர்களில் சிலருக்கு, செரிக்காமல் மிஞ்சும் துண்டுகளைக் கண்டதும் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கிறது. சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகின்றன. இரும்புச் சத்தும் கால்சியமும் சாப்பாட்டில் இருந்தும் உடம்பில் சேர்வதில்லை. இந்த எதிர்ப்புச் சக்திக்கு ஞாபகம் உண்டு. ஒருமுறை எதிரி என்று குறித்துக்கொண்டால் ஆயுளுக்கும் விடாது. "கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டுப் பழகினா சரியாயிடும்" என்ற யோசனை இங்கே எடுபடாததற்கு அதுதான் காரணம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. பத்தியம் என்றால் நமக்குச் சர்க்கரை நோய்தான் ஞாபகத்துக்கு வரும். சர்க்கரைக்காரர் விசேஷ வீட்டில் அரை ஜாங்கிரி சாப்பிடுவார். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்து, மறுநாள் காலையில் கூடுதலாக நாலு சுற்று நடந்து சரிக்கட்டுவார். அங்கே அளவைப் பற்றிப் பேச இடம் உண்டு. சீலியாக்கில் அப்படிச் சரிக்கட்ட ஒரு வழியும் கிடையாது. இதற்கென்று மாத்திரை இல்லை, ஊசி இல்லை. குளூட்டன் அறவே இல்லாத சாப்பாடு ஒன்றுதான் மருந்து, அதுவும் ஆயுள் முழுக்க. இன்னொரு குழப்பமும் இருக்கிறது: சப்பாத்திதான் கோதுமை என்று நினைக்கிறார்கள். மைதா, ரவை, சேமியா மூன்றும் கோதுமையே என்பது தினம் உப்புமா கிண்டுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். இத்தாலிய மருத்துவர் கார்லோ கடாஸ்ஸியும் அவரது குழுவினரும் 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒழுங்காகப் பத்தியம் இருந்த நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குத் தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மட்டும் மூன்று மாதம் கொடுத்தார்கள். ஆறிவந்த குடல் திரும்பவும் பழுதாகத் தொடங்கியது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். அந்தத் துண்டை நாற்பதாகக் கிள்ளினால் கையில் வரும் துணுக்குத்தான் 50 மில்லிகிராம். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு விதியே சொல்கிறது. இந்தக் கணக்கில் பந்தியில் வைக்கும் அரைப் பூரியைக் 'கொஞ்சம்' என்று எப்படிச் சொல்வது?

"போன வாரம் சாப்பிட்டாளே, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். நம்பிக்கையின் ஆணிவேர் இதுதான். வயிறு வலிக்காததால் குடல் நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பலருக்கு வாந்தியோ பேதியோ எதுவுமே இல்லாமல் உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். தீராத ரத்தசோகையாக, எலும்புத் தேய்மானமாக, கருச்சிதைவாக அது எங்கேயோ போய் வெளிப்படும். அப்போது அந்த அரைப் பூரியை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறவர்கள் தோலைப் பார்க்கட்டும். சீலியாக் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற தடிப்பு வருகிறது. பிலடெல்பியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் லூயிஸ் டூரிங் 1884இல் இதை விவரித்தார். முழங்கை, முழங்கால், பிட்டம், தலை என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள். அரிப்பு தாங்க முடியாது. சொறிந்து சொறிந்து, மருத்துவரிடம் போகும்போது கொப்புளம் இருக்காது. புண்ணும் தழும்பும்தான் இருக்கும். என் தங்கைக்கு வந்தபோது முதலில் சூடு என்றார்கள், பிறகு சிரங்கு என்றார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். கரப்பான் பண்டம் என்று கத்திரிக்காயும் கருவாடும் நிறுத்தப்பட்டன. உடம்புக்கு இதம் என்று கோதுமைக் கஞ்சி கொடுக்கப்பட்டது. கொப்புளத்தை ஒட்டியிருக்கும் நல்ல தோலிலிருந்து துளி எடுத்து, அதில் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் படிந்திருக்கிறதா என்று பார்த்தால் நோய் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால்தானே அந்தச் சோதனையை எழுதித் தருவார்கள்! அவளுக்கு ஒருவர் சந்தேகப்பட வெகுகாலம் ஆயிற்று.

நோய் தெரிந்தபின் டாப்சோன் கொடுத்தார்கள். தொழுநோய்க்குக் கொடுக்கும் அதே மாத்திரை. அரிப்பு ஓரிரு நாளில் அடங்கிவிடும். அங்கேயே இரண்டாவது பொய் முளைத்தது: "மாத்திரைதான் இருக்கே, இனி கொஞ்சம் சாப்பிட்டா என்ன?" டாப்சோன் தோலை அடக்கும், குடலைத் தொடவே தொடாது. ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடிய மருந்து அது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேதான் போட வேண்டும். தோலையும் குடலையும் சேர்த்துக் குணப்படுத்துவது பத்தியம் மட்டும்தான். குடலைவிடத் தோல் மெதுவாகத்தான் தேறும். மாத்திரையைக் கைவிடும் நிலைக்கு வர மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். அப்படி அரும்பாடுபட்டு ஆறிவரும் முழங்கையில் திரும்பவும் கொப்புளம் பூப்பதற்கு விசேஷ வீட்டுச் சேமியா பாயசம் போதும்.

தைராய்டின் கதை இதைவிட மறைவானது. ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912இல் விவரித்த தைராய்டு அழற்சியும் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்தான். அதுவும் சீலியாக்கும் மரபணு வழியில் உறவுக்காரர்கள். ஒன்று உள்ளவருக்கு மற்றது இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராக்ஸின் மாத்திரையை உடம்பு சிறுகுடல் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. குடல் பழுதாக இருந்தால் மாத்திரை முழுசாகச் சேராது. ரத்தத்தில் பார்க்கும் டிஎஸ்ஹெச் அளவு இறங்காது, மருத்துவர் மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்குவார், 75ஐ 100 ஆக்குவார். "மாத்திரையை ஒழுங்கா போடுறியாம்மா?" என்று நோயாளி மேல்தான் பழி விழும். அவள் ஒழுங்காகத்தான் போடுகிறாள். பத்தியம் சரியாக இருந்து குடல் தேறியபின் குறைந்த அளவே போதுமானதாகிவிடுவது உண்டு. தைராய்டு மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறது, ரத்தசோகையும் தீரவில்லை என்றால் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். அதைச் செய்யும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்; நிறுத்திவிட்டால் சோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம்.

தைராய்டு உள்ள எல்லாரும் கோதுமையை விட வேண்டும் என்று இப்போது கிளம்பியிருக்கும் பேச்சுக்கு நான் எதிரி. சீலியாக் இல்லாதவருக்கு அதனால் தைராய்டு குணமாகும் என்று நிரூபணம் இல்லை. திங்கட்கிழமை கோதுமையை விட்டு வெள்ளிக்கிழமை பரோட்டா சாப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பழகிய உறவினர்கள், நிஜ நோயாளியையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

"இது வடக்கத்திக்காரங்க நோய், அரிசி தின்னுறவங்களுக்கு வராது" என்பதும் அரைகுறை உண்மை. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சீலியாக்குக்கான எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல், தெற்கில் ஆயிரத்தில் ஒருவர் என்று கண்டது. அதே ஆய்வு மரபணுக்கூறையும் பார்த்தது. அது இரண்டு இடத்திலும் மூன்றில் ஒருவருக்கு மேல், ஏறக்குறைய சமமாகவே இருந்தது. பெரிய வித்தியாசம் சாப்பாட்டில்: வடக்கில் ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். காலையில் ரவா உப்புமா, சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி சப்பாத்தி அல்லது பரோட்டா என்று மாறிவிட்ட வீடுகளில் அந்த 25 கிராம் எங்கே நிற்கும்? ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் அந்தப் புரதம் என்றே வைத்துக்கொண்டாலும், தமிழ்நாட்டின் ஜனத்தொகைக்கு அது பல்லாயிரம் பேர். அவர்களில் நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்கு அதன் பெயர் தெரியாது.

இவ்வளவுக்கும், இந்த நோயோடு வாழ நம் சமையலைவிட வசதியான சமையல் கிடைப்பது அரிது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, சோறு, கேழ்வரகு, கம்பு, தினை, எதிலும் குளூட்டன் இல்லை. இவ்வளவும் சாப்பிடலாம் என்றிருக்கும்போது, அந்த ஒரு பூரிக்காக ஏன் வற்புறுத்துகிறோம்? ஆபத்து அரிசியில் இல்லை. அதனோடு வந்து ஒட்டிக்கொள்வதில் இருக்கிறது. கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியைக் கொட்டும் மாவு மில், சப்பாத்தி சுட்ட கல்லிலேயே ஊற்றும் ஹோட்டல் தோசை, சமோசா பொரித்த எண்ணெயில் போடும் வடை, ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸ். எல்லாவற்றுக்கும் மேலே பெருங்காயம்.

ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் பெருங்காயப் பிசின் அப்படியே போட முடியாத காரம். அதனால் கருவேலம் பிசினும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை மாவு அல்லது மைதா. ஒரு கிராம் பெருங்காயத்தில் பாதி மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக, ஒரு கிராம் பெருங்காயம் விழுந்த குழம்புச் சட்டியில் 50 மில்லிகிராம்; இத்தாலியில் குடலைக் கெடுத்த அதே அளவு. நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு சொச்சம். அன்றைக்கே ரசத்திலும், மோரிலும், ஊறுகாயிலும், இட்லிப் பொடியிலும் அது திரும்பத் திரும்ப விழுகிறது. சப்பாத்தியைத் தொடாத என் தங்கைக்குத் தடிப்பு ஏன் அடங்கவில்லை என்ற கேள்விக்கு விடை எங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. டப்பாவை மாற்றிய பிறகுதான் அவள் முழங்கை ஆறியது.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கடையில் கிடைக்கிறது. அதைச் செய்ய முடிகிறவர்கள் இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன தடை? மாற மனமில்லாதவர்கள், கோதுமை சேர்ந்தது என்பதை டப்பாவின் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் போடட்டும். பின்பக்கத்துப் பொடி எழுத்து எந்தப் பாட்டியின் கண்ணுக்கும் தெரியாது. மண்டபச் சமையல் பொறுப்பாளர் எதில் என்ன மாவு சேர்ந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தீராத தடிப்போடும் ஏறிக்கொண்டே போகும் தைராய்டு மாத்திரையோடும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தால், மருத்துவர் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையை எழுதித் தர வேண்டும். என் தங்கை இனிமேலும் விசேஷங்களுக்குத் தன் டப்பாவோடுதான் வருவாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அதையே சாப்பிட விடுங்கள். இலையில் எதையும் வைக்காதீர்கள்.