அலை பாடும் ஊரும் நம் லைன் வீடுகளும்



கோட்டை வாயிலும் பழைய வீதியும் கலையாமல் காக்கப்பட்ட ஜெர்மானிய நகரங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அவற்றை ஒருமுறையேனும் காண மாட்டோமா என்று நம்மில் பலர் ஏங்குவதுண்டு. அவ்வேக்கம் தீரக் கடல் கடக்க வேண்டுவதில்லை. தரங்கம்பாடிக்குச் சென்றால் போதும். சென்ற திங்கள் என் தந்தையாருடன் அங்குச் சென்று வந்தேன்.

மயிலாடுதுறையில் இறங்கியதும் என் கண் தண்டவாளத்தையே தேடிற்று. தொழில் வாசனை எளிதில் போகுமா? 1926இல் தரங்கம்பாடிக்கு இடப்பட்ட மீட்டர்கேஜ் பாதை 1986இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே பேருந்தில் சென்றோம்.

தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று 1620இல் டென்மார்க் நாட்டார் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு வெளியேறினர். 1792ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கும் நகர வாயிலைக் கடந்ததும் நேரான வீதி ஒன்று கடலை நோக்கிச் செல்கிறது. 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் அவ்வீதியில் உள்ளன. கடலோரத்தில் 1306ஆம் ஆண்டைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

ஜெர்மனிக்கும் இவ்வூருக்கும் உறவு உண்டு. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரல் வைத்துத் தமிழ் கற்றார். ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சுப்பணி தொடங்கி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். 1719இல் மறைந்த அவர் புதிய எருசலேம் ஆலயத்திலேயே துயில்கிறார்.

நாயக்கர் தங்க ஏட்டில் எழுதித் தந்த மடல் இன்றும் கோபன்ஹேகனில் காக்கப்படுகிறது என்று தந்தையாரிடம் கூறினேன். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர் அவர். மதிற்சுவரைத் தடவிப் பார்த்தபடியே, “ஏனப்பா, இந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்தவன் பெயரை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

இரவு வண்டியில் திரும்புகையில் அவ்வினா என்னை உறங்கவிடவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பின், வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் நம் முன்னோர் இங்கே குடியேறினர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழம் வரை இறங்கி அவர்கள் பொன் எடுத்தனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் பெங்களூர் வண்டி ஏறுகின்றனர். துரைமார் பங்களாக்களைப் படம் பிடிக்க வெளியூரார் வருகின்றனர். லைன் வீடுகளின் முன் எவரும் நிற்பதில்லை.

கட்டடங்களைக் காக்க நம்மிடம் பொருள் இல்லை. ஆனால் பெயர்களைக் காக்கப் பொருள் வேண்டுவதில்லையே! பாட்டனாரின் சம்பளச் சீட்டும் பழைய புகைப்படமும் பெட்டியடியில் கிடந்தால் வெளியே எடுங்கள். அவர் பிறந்த ஊர், வந்த ஆண்டு, இறங்கிய ஷாப்ட் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நம் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அடுத்த திங்கள் முதல் இப்பகுதியில் ஒவ்வொரு குடும்பத்தின் வரலாறாக வெளியிடுவோம்.

முதல் தாளை என் தந்தையார் சொல்லச் சொல்ல நானே எழுதிவிட்டேன். அடுத்த தாள் உங்களுடையதாகட்டும்.