மரியாதையாக ஒரு குத்து

பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டும் பையனிடம் டவுன் பஸ் கண்டக்டர் கோபித்துக்கொள்வதில்லை. "ஐயாவுக்கு டிக்கெட் மட்டும் போதுங்களா, பஸ்ஸையே எழுதிக் குடுத்துரட்டுமா?" என்கிறார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. பின்சீட்டு சிரிக்கிறது. இல்லாத சில்லறை எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

நக்கல், நையாண்டி, குசும்பு, எகத்தாளம், கோவைப் பக்கம் லொள்ளு என்று இதற்கு நம்மிடம் பேருக்கா பஞ்சம்? தொல்காப்பியர் செய்யுளியலில் சொல்வது அங்கதம். அதை இரண்டாகப் பிரிக்கிறார். முகத்துக்கு நேரே ஏசினால் செம்பொருள் அங்கதம். அது வெறும் வசை. பழியை ஒளித்துச் சொன்னால் பழிகரப்பு.

ஒளிக்க நம் ஆட்கள் கண்டுபிடித்த இடம் மரியாதை. நள்ளிரவில் வீடு திரும்பும் மகனை "எங்கடா போன?" என்று கேட்டால் ஒரு பொய் சொல்லித் தப்பித்துவிடுவான். "கலெக்டர் ஐயா சாப்பிட்டாச்சுங்களா?" என்று அப்பா கேட்டால் சோறு தொண்டையில் இறங்காது.

இந்தக் கலையில் ஔவையாரை மிஞ்ச ஆளில்லை. தகடூர் அதியமானின் தூதராக அவர் போனபோது, தொண்டைமான் தன் படைக்கொட்டிலைப் பெருமையாகச் சுற்றிக் காட்டினான். ஔவையும் பாராட்டினார்: இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளக்கின்றன, எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. தொண்டைமான் கோபப்படவும் வழியில்லை. சொன்னதில் ஒரு சொல்கூடத் திட்டு இல்லையே!

வள்ளுவரும் லேசுப்பட்டவரல்ல. கயமை அதிகாரத்தில் கயவரைத் தேவருக்குச் சமமாக உயர்த்துகிறார். காரணம், இருவருமே நினைத்ததைச் செய்து திரிகிறவர்கள், கேட்க ஆளில்லை.

இந்தக் கலைக்கு இன்று வந்திருக்கும் சோதனை, நிஜப் புகழ்ச்சி. காதுகுத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸில் தாய்மாமன் "வாழும் வரலாறு" ஆகிவிட்ட ஊரில், "ஐயா, நீங்க பெரிய ஆளு" என்றால் யாருக்கு உறைக்கும்? நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இன்றைய தொண்டைமானாக இருந்தால், ஔவை பாடியதில் தன் பங்கை மட்டும் வெட்டியெடுத்து ஃப்ளெக்ஸ் அடித்து, படைக்கொட்டில் வாசலிலேயே கட்டியிருப்பான்.