சொன்னவண்ணம் செய்தவரிடம் பேரமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நாத்திகப் பதிவு அல்ல. பெருமாளைத் திட்டப் போவதில்லை. திட்டப் போவது நம்மைத்தான். குறிப்பாக, "வேண்டிக்கிட்டேன், பலிக்கலை, அதனால கோயிலை மாத்திட்டேன்" என்று கூச்சமே இல்லாமல் சொல்லும் கூட்டத்தை. எங்கள் காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பஞ்சமில்லை, ஆகவே மாற்றுவதும் சுலபம்! நம்பரை மாற்றாமல் செல்போன் கம்பெனியை மட்டும் மாற்றுகிறார்களே, அதே மாதிரி.

நான் பி.காம். மாணவன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் எங்களுக்குப் பாடம். அதில் 25-ஆவது பிரிவு, மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது என்கிறது. நான் ஒன்று தந்தால்தான் நீ ஒன்று தரவேண்டும். நம் பிரார்த்தனைகளை இந்தப் பிரிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை கிடைத்தால் மொட்டை, கடை ஓடினால் அன்னதானம், விசா வந்தால் வெள்ளியில் கண்மலர். சுத்தமான வியாபாரம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். பெருமாளிடம் இல்லாத எதை நாம் மறுபயனாகத் தருகிறோம்? அவர் கொடுத்த தலைமுடியையா?

சின்னக் காஞ்சிபுரத்தில் திருவெஃகா என்று ஒரு கோயில் இருக்கிறது. பெருமாள் பெயர் சொன்னவண்ணம் செய்த பெருமாள், வடமொழியில் யதோக்தகாரி. கதை பலருக்குத் தெரிந்திருக்கும். திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணன். தன்னைப் பற்றிப் பாடச் சொன்ன பல்லவ மன்னனிடம் மாட்டேன் என்றான். ஊரை விட்டுப் போ என்றான் மன்னன். சீடன் கிளம்பினான், அவன் பின்னால் ஆழ்வார் கிளம்பினார், போகும்போது பெருமாளையும் எழுந்து வரச் சொன்னார். அவரும் எழுந்து போய்விட்டார்! மூவரும் அன்றிரவு தங்கிய இடம்தான் இன்றைய ஓரிக்கை, ஓரிரவு இருக்கை என்பதன் சுருக்கம் என்பார்கள். ஊர் இருண்டு போக, மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, எல்லாரும் திரும்பினார்கள். போய்வந்ததற்கு அடையாளமாகப் பெருமாள் மற்ற தலங்களில் கிடப்பதற்கு நேர்மாறான பக்கமாக இன்றும் கிடக்கிறார்.

இதில் ஆழ்வார் என்ன மறுபயன் கொடுத்தார்? ஒன்றுமில்லை. "வந்தால் இதைச் செய்கிறேன்" என்று ஒரு வார்த்தை கிடையாது. கூப்பிட்டார், வந்தார். நாம் அவரை மறந்தாலும், அவர் அந்த ஒரு ராத்திரியைத் தன் உடம்பிலேயே குறித்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

2019-இல் அத்தி வரதர் வெளியே வந்தபோது நான் பள்ளி மாணவன். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஒரு கோடிக்கு மேல் ஜனம் என்று கணக்கு சொன்னார்கள். விஐபி வரிசை, பாஸ் சிபாரிசு, நெரிசலில் உயிரை விட்டவர்கள்... எல்லாம் பார்த்தோம். வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை, வெயிலில் நின்ற பாட்டிகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஆனால் அதே நாட்களில், நடக்கும் தூரத்தில் இருக்கும் திருவெஃகாவில் நிம்மதியாகச் சேவிக்க முடிந்தது. ஏன்? அங்கே "நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை" என்ற சலுகை இல்லை. அவர் தினமும் கிடைப்பவர். தினமும் கிடைப்பவருக்கு நம் சந்தையில் விலை குறைவு.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை என்பதற்கு வரதராஜப் பெருமாள் கோயிலிலேயே சாட்சி உண்டு. 1688-இல் மொகலாயப் படை வரும் என்று பயந்து காஞ்சியின் உற்சவ மூர்த்திகளை ரகசியமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், உடையார்பாளையம் காட்டுக்கு. பிணம்போல் மூடிக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். இன்றைய நம் கணக்கில் யோசியுங்கள். ஊரைக் காப்பாற்ற வேண்டிய சாமியை ஊர்க்காரன் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் முறிந்தது, வேறு கோயில் பார் என்றுதானே நாம் சொல்வோம்? அவர்கள் சொல்லவில்லை. ஆபத்து நீங்கிய பிறகோ, அந்தப் பாளையக்காரருக்கு வரதரைப் பிரிய மனமில்லை. புதுசாக ஒரு விக்கிரகம் வார்த்துக்கொண்டு ஆத்தான் ஜீயர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கர்நாடக நவாபின் தளபதி தோடர்மாலைப் பிடித்து, 1710-இல் பெருமாளை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 22 வருஷம்! (பங்காரு காமாட்சி திரும்பவில்லை, தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள். அது தனிக் கதை.) தோடர்மால் குடும்பத்தின் சிலைகள் இன்றும் கோயிலில் கைகூப்பி நிற்கின்றன. பெருமாள் திரும்பிய நாளை வருஷா வருஷம் பங்குனியில் உடையார்பாளையம் உற்சவம் என்று கொண்டாடுகிறார்கள்.

"அப்படியானால் நேர்த்திக்கடனே தப்பா தம்பி?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நான் பிறந்த பிள்ளையார்பாளையத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தறி வீட்டு அம்மாக்கள் ஒற்றை ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். அது பேரமில்லைங்க, அழுகை. காய்ச்சல் இறங்காவிட்டாலும் அடுத்த வெள்ளிக்கிழமை அதே அம்மன் முன்னால்தான் நிற்பார்கள். நான் சண்டை போடுவது லாப நஷ்டக் கணக்கு எழுதிக்கொண்டு வருபவர்களோடு.

எங்கள் ஊர்த் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகர் சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் சொல்கிறார். அதில் இரண்டைப் பாருங்கள். ஒன்று மகாவிசுவாசம், அவர் காப்பார் என்ற அசையாத நம்பிக்கை. இன்னொன்று கார்ப்பண்யம், கொடுக்க என் கையில் எதுவுமே இல்லை என்று உணர்வது. கையில் ஒன்றுமில்லாதவன் எதை வைத்துப் பேரம் பேசுவான்? அந்தச் சரணாகதியும் ஒரே ஒரு தடவைதான், வருடாந்திரப் புதுப்பித்தல் எல்லாம் கிடையாது :-)

வகுப்பில் 25-ஆவது பிரிவை நடத்தும்போது அதன் முதல் விதிவிலக்கையும் நடத்துவார்கள். நெருங்கிய உறவினர்கள் இயல்பான அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிப் பதிவு செய்த உடன்பாடு, மறுபயன் இல்லாவிட்டாலும் செல்லும். திருவெஃகாவில் மாறிக் கிடக்கிறாரே, அவர் தரப்புப் பதிவு அங்கே முடிந்துவிட்டது. நம் தரப்புக் கையெழுத்துதான் பாக்கி.

அத்தி வரதரை இனி 2059-இல்தான் பார்க்க முடியும். உடையார்பாளையம் உற்சவம் வருகிற பங்குனியிலேயே இருக்கிறது. சும்மா வாங்க, எதுவும் கேட்காமல்.