கைமாறும் பேனையும் கிருமித்தொற்றும்

சத்திரசிகிச்சை தவறான காலிலோ கையிலோ செய்யப்படுவதைத் தடுக்கும் பொருட்டு, உரிய இடத்தைத் தோலில் பேனையால் முன்கூட்டியே அடையாளமிடும் நடைமுறை அமெரிக்காவில் 2004 இல் விதியாக்கப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 2008 இல் அறிமுகப்படுத்திய பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. அதன் அவசியத்தில் எமக்கு இருவேறு கருத்தில்லை. அப்பேனை இதற்கு முன்னர் யாருடைய தோலைத் தொட்டது என்பதே எமது வினாவாகும்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் சிறு கத்தரிக்கோல் கூட கிருமிநீக்கம் செய்யப்படுகின்றது. பேனையோ பெரும்பாலும் நோயாளர் விடுதியிலேயே பயன்படுத்தப்படுவதால் எவருமே அதனை ஓர் உபகரணமாகக் கருதுவதில்லை. வைத்தியரின் சட்டைப்பையிலிருந்து வெளிவரும் அது, ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் சென்று மீண்டும் சட்டைப்பையையே அடைகின்றது.

பிரித்தானியாவில் 2006 இல் வெளியான ஆய்வொன்றில், மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. பக்டீரியா இருவகைப் பேனைகளில் இடப்பட்டது. ஒன்றில் அது விரைவில் மடிந்தது. மற்றையதில் வாரக்கணக்கில் உயிர்வாழ்ந்தது.

வெட்டுவதற்கு முன்னர் தோல் கிருமிநாசினியால் சுத்திகரிக்கப்படுகின்றதே எனச் சிலர் வாதிடலாம். கிருமிநீக்கம் செய்யப்படாத பேனையால் அடையாளமிட்ட தோலில், சுத்திகரிப்பின் பின் கிருமிகள் வளரவில்லை என 2005 இல் அமெரிக்க ஆய்வொன்று கூறியதும் உண்மையே. ஆயினும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் செய்யப்படும் சுத்திகரிப்பு, விடுதியில் கைக்குக் கை பரவும் கிருமியைத் தடுக்காது. செயற்கை மூட்டில் தொற்று ஏற்பட்டால் அம்மூட்டையே அகற்ற நேரிடலாம். அதனோடு ஒப்பிடுகையில் பேனையின் விலை அற்பமானது.

எனவே நோயாளி ஒருவருக்கு ஒரு பேனை என்பது விதியாக்கப்பட வேண்டும். அடையாளமிட்டவுடன் அதனை அங்கேயே அப்புறப்படுத்தச் செய்யும் அதிகாரம் விடுதித் தாதியருக்கு வழங்கப்படுதலும் அவசியமாகும்.