தலையணை இல்லாத துரை

கணவருக்கு ஓசூர் தொழிற்சாலையில் வேலை, பிறந்த வீடு சேலம் பக்கம் என்றால், நீங்கள் கிருஷ்ணகிரி வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருப்பீர்கள். ஊரை ஒட்டி நிற்கும் பாறை மலையையும் அதன் மேலுள்ள கோட்டையையும் ஜன்னல் வழியே குழந்தைக்குக் காட்டியும் இருப்பீர்கள். அந்த வட்டாரத்துக்குப் பழைய பெயர் பாராமகால். கும்பினிப் பட்டாளத்தோடு துப்பாக்கி தூக்கி வந்து, பிறகு இங்கேயே கணக்குப் புத்தகத்தைத் தூக்கிய ஒருவரின் கதை இது. அவர் பெயர் தாமஸ் மன்றோ.

1761-ல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். தகப்பனார் அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்கர்கள் சுதந்திரப் போர் தொடங்கியதும் வியாபாரம் படுத்துவிட்டது. எங்கேயோ நடந்த யுத்தம், இங்கே ஒரு வீட்டின் உலையில் கை வைத்துவிட்டது! பிள்ளை கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்து, 1780-ல் சென்னையில் வந்து இறங்கினார்.

துரை என்றதும் பல்லக்கும் பட்டு மெத்தையும்தானே நம் நினைவுக்கு வருகின்றன? மன்றோ தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். இந்தியாவுக்கு வந்து மூன்று வருஷம் வரை அவருக்குத் தலையணையே கிடையாதாம். ஒரு புத்தகம், இல்லாவிட்டால் தோட்டாப் பை. நாலு குச்சிகளின் மேல் இழுத்துக் கட்டிய கித்தான்தான் கட்டில். குளிர் வந்தால் சீமையிலிருந்து கொண்டு வந்த பெரிய கோட்டின் கைகளுக்குள் கால்களை நுழைத்து, மிச்சத்தைத் தலைக்கு மேல் இழுத்துக் கொள்வாராம். தையற்காரன் இப்படி ஓர் உபயோகத்தை எதிர்பார்க்காமல் கோட்டைக் குட்டையாகத் தைத்துவிட்டான் என்று வேறு குறைப்பட்டுக் கொள்கிறார். அந்த நிலையிலும் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பத் தவறவில்லை.

ஹைதருடனும் திப்புவுடனும் நடந்த போர்களில் பன்னிரண்டு வருஷம் கழிந்தது. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் கும்பினி வசமாயிற்று. (ஓசூர் மட்டும் 1799 வரை மைசூரிடமே இருந்தது.) அப்போது கவர்னர் ஜெனரல் யார் தெரியுமா? 1781-ல் அமெரிக்காவில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்தாரே, அதே காரன்வாலிஸ்! சென்னை சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு ஜனங்களின் பாஷை தெரியவில்லை என்று கண்ட அவர், அலெக்ஸாண்டர் ரீட் என்ற காப்டனை நிர்வாகத்துக்கு நியமித்தார். உதவிக்கு வந்த மூவரும் பட்டாளத்துக்காரர்கள். அவர்களில் ஒருவர் மன்றோ.

ஏழு வருஷம் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுத் திரிந்தார். நிலத்தை அளந்து, மண்ணைத் தரம் பார்த்து, நடுவில் குத்தகைக்காரன் இல்லாமல் குடியானவனோடு நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறை அங்கே உருவாயிற்று. இதைத் தர்மகாரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கும்பினிக்குப் பணம் வேண்டும். தீர்வையும் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் குடியானவன் வீட்டு வாசலில் நின்று கணக்குக் கேட்டவருக்கு அந்தப் பாரம் கண்ணில் பட்டது.

தர்மபுரியில் தாமே ஒரு தோட்டம் போட்டு, தினமும் அதில் கொஞ்ச நேரம் செலவிடுவார். 1799-ல் மாற்றல் வந்தபோது, பழைய சிநேகிதர்களைப் பிரிவது போல் அந்தத் தோட்டத்தைப் பிரிய வருந்தினார்.

அடுத்துக் கன்னடக் கரை. பிறகு கடப்பை, பல்லாரிப் பக்கம். அங்கே தீர்வையில் நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டுமென்று 1807-ல் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் இசையவில்லை. 1820-ல் அவரே சென்னைக் கவர்னரானார். பதின்மூன்று வருஷத்துக்கு முன் தாம் கேட்டதைத் தாமே உத்தரவாகப் போட்டார்!

1826-ல் மனைவி ஜேன், நோயுற்ற சிறு பிள்ளையைத் தூக்கிக் கொண்டு கப்பலேறினார். மன்றோவும் ராஜிநாமா கொடுத்திருந்தார். அடுத்த கவர்னர் வர வேண்டியதுதான் பாக்கி. அந்த இடைவெளியில், பழகிய ஜனங்களிடம் விடை பெற்று வருவோம் என்று கடப்பை, பல்லாரிச் சீமைக்குப் புறப்பட்டார். 1827 ஜூலை 6-ஆம் தேதி, பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டு போயிற்று. அந்தப் பக்கத்தில் ஆண் குழந்தைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயர் வைக்கும் வழக்கம் அதன் பிறகும் வெகு காலம் இருந்தது.