கடலட்டையும் சிட்டுக்குருவி லேகியமும்

சென்ற மாதம் புதுக்கோட்டையில் ஒரு நூல் விமர்சனக் கூட்டம் முடிந்தபின், வழக்கம்போல அதன் இரண்டாம் அமர்வு வெளியே தேநீர்க் கடையில் நடந்துகொண்டிருந்தது. இராமநாதபுரம் கரையில் மூட்டை மூட்டையாகக் கடலட்டை பிடிபட்டது குறித்துப் பேச்சு எழுந்தது. "சீனன் எதைத்தான் விட்டுவைத்தான்! அந்த வழவழப்பைத் தின்றால் ஆண்மை பெருகுமாம்" என்றார் நண்பர். தேர்ந்த வாசகர், எதையும் நிதானித்துப் பேசுபவர். எல்லோரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம், மறைப்பதற்கில்லை. கடைச் சுவரில் அவருடைய தலைக்குமேல் ஒரு சுவரொட்டி இருந்தது. பரம்பரை வைத்தியர் ஒருவர் மாதத்தின் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த ஊர் லாட்ஜில் தங்கி, நரம்புத் தளர்ச்சி, தாது நட்டம் முதலியவற்றைத் தீர்த்துவைப்பார் என்ற அட்டவணை அது. அதைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கும் இந்தச் சிரியாமைக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் இங்கே பேச எண்ணுகிறோம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதே நம் இலக்கிய அன்பர்கள் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் என்று கல்லோடு நின்றுவிடுகிறோம். கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்க் கரை நமக்கு இருக்கிறது. பாக் விரிகுடாவின் ஆழங்குறைந்த, சேறும் கடற்புல்லும் மண்டிய நீர். கடலட்டை, கடல்குதிரை, கடற்பசு ஆகிய மூன்றும் அந்த நீரில் வாழ்பவை. மூன்றின்மீதும் மனிதன் ஏற்றிவைத்திருக்கும் சுமை ஒன்றே: அவனுடைய படுக்கையறைக் கவலை.

கடலட்டை பெயரளவில்தான் அட்டை. உறவு முறையில் நட்சத்திர மீனுக்குப் பங்காளி. கடலடி மண்ணை விழுங்கி, அதிலுள்ள மட்கை உண்டு, மண்ணைக் கழித்துக்கொண்டே நகரும். உழவனுக்கு மண்புழு எப்படியோ அப்படி. நம் கரையில் எவரும் இதை உண்பதில்லை. ஆனால் பதப்படுத்தும் முறை நன்றாகத் தெரியும். குடலை நீக்கி, வேகவைத்து, ஈரமணலில் புதைத்து, மேல்தோலிலுள்ள சுண்ணம் அழுகி உதிர்ந்தபின் மீண்டும் வேகவைத்து, வெயிலில் காயவைப்பார்கள். பிடித்த எடையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சீன வணிகர் வழியாக இக்கரைக்கு வந்த தொழில் இது என்பார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னல் 1917இலேயே இதன் வரலாற்றைத் தனியே எழுதியிருக்கிறார். ஆக, சீனனின் தட்டும் தமிழனின் வலையும் நேற்று அறிமுகமானவை அல்ல.

சீன மொழியில் இதற்கு 'ஹாய்ஷென்' என்று பெயர். கடலின் ஜின்செங் என்பது பொருள். ஜின்செங் வேர் மனித உருவில் கவைத்திருப்பதால் மனிதனுக்கு முழு வலிமை தரும் என்பது பழைய துணிபு. சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்பது நீர் பிரிக்கும் உறுப்பு மட்டுமன்று. உயிர்ச்சாரத்தின் களஞ்சியம், இனப்பெருக்க ஆற்றலின் ஊற்று. அச்சாரம் குறைந்தால் ஆள் தளர்வான். குறைந்ததை உணவால் நிரப்பலாம். நீண்டு தடித்து, தொட்டால் விறைக்கும் கடலட்டை எதை நிரப்பும் என்று அவர்கள் முடிவு செய்ததற்கு ஆழ்ந்த ஆராய்ச்சி தேவைப்பட்டிராது. மான்கொம்பும் புலியின் குறியும் இதே தர்க்கத்தில்தான் அங்காடிக்கு வந்தன. (காண்டாமிருகக் கொம்பையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது நம்மவர் வழக்கம். அது பிழை. சீன மருத்துவத்தில் அது முதன்மையாகக் காய்ச்சலுக்கான மருந்து. ஏளனம் செய்யும்போதும் சரியாகச் செய்யவேண்டும்.) கடலட்டையில் புரதம் உண்டு, கொழுப்பு குறைவு; உணவாகக் குற்றமில்லை. ஆண்மையைப் பெருக்கும் என்பதற்கு மனிதரிடம் முறையாகச் சோதித்து நிறுவிய சான்று இல்லை.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். உயிர்ச்சாரம் என்று அவன் சொன்னதை நாம் தாது என்றோம். உணவு இரசமாகி, குருதியாகி, தசையாகி, படிப்படியாக ஏழாவது தாதுவாகத் திரள்கிறது. குருதியின் நாற்பது துளி சேர்ந்தால்தான் அது ஒரு துளி. இந்தக் கணக்கைக் கேட்டு அஞ்சாத விடலை நம் ஊர்களில் உண்டா? இந்திய இளைஞர்களை வாட்டும் இந்த அச்சத்தைத் தனி உளநோய்க் குறியாகவே 1960இல் மனநல மருத்துவர் விக் பெயரிட்டுக் குறித்தார். சரக சம்ஹிதையின் வாஜீகரணப் பகுதி சிட்டுக்குருவியையும் முதலை முட்டையையும் பரிந்துரைக்கிறது. காமசூத்திரத்தின் இறுதிப் பகுதியிலும் குருவி முட்டை உண்டு. குருவி ஏன்? அது ஓயாமல் கூடும் என்று எவனோ கூரையடியில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். கடலட்டையின் வடிவத்தைப் பார்த்தவனுக்கும் குருவியின் வேகத்தைப் பார்த்தவனுக்கும் மூளை ஒன்றுதான். சிட்டுக்குருவி லேகியம் நம் வார இதழ்களின் பின்பக்கங்களில் எத்தனை ஆண்டு ஓடிற்று என்பதை நாற்பதைக் கடந்த வாசகர் எவரிடமும் கேட்கலாம்.

வாஜீகரணம் என்ற சொல்லுக்குக் குதிரையாக்குதல் என்பது பொருள். பாக் விரிகுடாவின் கடல்குதிரையும் உலர்த்தப்பட்டு இதே நோக்கத்துக்காகக் கீழை நாடுகளுக்குக் கப்பலேறியது. அந்த உயிரினத்தில் கருவைச் சுமப்பதும் ஈனுவதும் ஆண். பேறுகாலம் பார்க்கும் ஓர் ஆணைப் பொடியாக்கிக் குடித்து ஆண்மை தேடும் மனிதனை எந்த அங்கதக்காரன் கற்பனையில் படைத்திருக்க முடியும்?

உணவைப் பற்றிய நம்பிக்கை எல்லாமே கேடு என்பது நம் வாதமன்று. மாப்பிள்ளைச் சம்பா உண்டால் இளவட்டக்கல்லைத் தூக்கலாம் என்றார்கள். ஓர் அரிய நெல்வகை பிழைத்தது. செட்டிநாட்டு வீடுகளில் கவுனி அரிசி விருந்துக்கு வந்தது. கறுப்பரிசியைச் சீனரும் பலந்தரும் உணவாகவே போற்றுகிறார்கள். 1983இல் 'முந்தானை முடிச்சு' முருங்கைக்காய்க்குச் செய்த விளம்பரத்தால் முருங்கை மரத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை. நெல்லை மீண்டும் விதைக்கலாம், முருங்கைக் கிளையை ஒடித்து நடலாம். கடலட்டை அப்படியல்ல. ஆணும் பெண்ணும் தத்தம் அணுக்களை நீரில் விடுபவை அவை. அருகருகே போதிய எண்ணிக்கையில் இல்லையென்றால் கருவே கூடாது. கடைசி அட்டையைப் பிடிப்பதற்கு வெகு முன்பே இனப்பெருக்கம் நின்றுபோகிறது.

இதையெல்லாம் சொன்னால் ஒரு சாரார் சினங்கொள்வார்கள். 'பாரம்பரிய அறிவை மேலை அறிவியலின் கண்ணாடி வழியே பார்க்காதீர்' என்பார்கள். சித்த மருத்துவத்தின் மீது நமக்கு மதிப்புண்டு. நிலவேம்பும் ஆடாதொடையும் வீட்டில் வைத்திருப்பவர்கள்தாம் நாம். ஆனால் பாரம்பரியம் என்ற சொல்லுக்கு முன்னால் கேள்வியைக் கீழே வைத்துவிடுவது மரபன்று, சோம்பல். சீனரிடம் கற்கவேண்டியது உண்மையில் இங்கேதான் இருக்கிறது. லூ சுன் 1919இல் எழுதிய 'மருந்து' கதையை நம் வாசகர்கள் அறிவார்கள். காசநோயாளி மகனுக்கு, மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவனின் குருதியில் தோய்த்த ரொட்டியை விலைகொடுத்து வாங்கி ஊட்டுகிறார்கள், மகன் பிழைப்பதில்லை. தம் தந்தையைப் பார்த்த வைத்தியர்கள் கேட்ட விசித்திரப் பொருள்களைப் பற்றியும் பின்னர் கசந்து எழுதினார். தன் வீட்டுப் பொய்யைத் தானே சுட்டும் துணிவு அது. சுறாத்துடுப்புச் சூப்பை அரசு விருந்துகளிலிருந்து நீக்குவதாகச் சீன அரசு 2012இல் அறிவித்ததும் அந்நாட்டுக்காரர்களே எழுப்பிய குரல்களுக்குப் பிறகுதான். நம் பக்கத்தில் புதுமைப்பித்தன் கடவுளையே கொண்டுவந்து ஒரு சித்த வைத்திய மாதப் பத்திரிகைக்காரரின் எதிரே உட்காரவைத்தார். அதன்பின் எத்தனை பேர் அந்த வாசலில் நின்றோம்? மரபைப் பற்றி நாவல் எழுதுகிறோம். லாட்ஜ் வாசலில் முகத்தை மறைத்துக்கொண்டு ஏறுபவனைப் பற்றி எழுதக் கூசுகிறோம்.

சட்டம் கூசவில்லை. 1954இலேயே, பாலின்ப ஆற்றலைப் பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதைக் குற்றமாக்கிவிட்டார்கள். அந்தச் சட்டத்தையும் மேற்படிச் சுவரொட்டியையும் ஒரே நகரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைவிடக் கொடிது, மூலிகை என்று பெயரிட்டு உலகெங்கும் விற்கப்படும் இத்தகைய சரக்குகள் பலவற்றில் சில்டெனாஃபில் என்னும் ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத்திரும்பக் கண்டறிந்து எச்சரித்துவருவது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவன் இதையும் உண்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். குருவி பெயரில் விற்றாலும் ஜின்செங் பெயரில் விற்றாலும் அந்த மாத்திரைக்குப் பேதமில்லை.

2001இல் கடலட்டை இனம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்குரிய அட்டவணை. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. வலையில் தானாக ஏறிய அட்டையை வைத்திருந்தாலும் குற்றம். எதிர்க்கரையில் இலங்கையிலோ உரிமத்தோடு அதே தொழில் நடக்கிறது. யாழ்ப்பாணக் கடல்களில் பண்ணைகளே எழுந்துவிட்டன, அவற்றுக்கெதிராக அங்குள்ள மீனவர் போராடியும் இருக்கிறார்கள். வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்குவதை நம் தூத்துக்குடி ஆய்வாளர்கள் 1988இலேயே செய்துகாட்டினார்கள். அந்த அறிவு நம் கரையில் பயனற்றுக் கிடக்கிறது. தடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிடிப்பவன், வாங்குபவன், தின்பவன் என்ற வரிசையில் முதலாமவனோடு மட்டும் நின்றுவிடும் தடை போதாது என்கிறோம்.

நம் வகுப்பில் அக்கரையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் இருக்கிறார். நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்த நாளில், வகுப்பு முடிந்து பின்னாலேயே வந்தார். "ஐயா, எங்கப்பாவைப் புடிச்சுட்டாங்க. வலையில வந்ததுதான். கரையில ஒருத்தர் காசு தரேன்னாரு, எடுத்துவெச்சிருந்தாரு. அந்த ஆளைக் காணோம் ஐயா" என்றார். பிறகு கேட்டார்: "அதத் தின்னா நெஜமாவே ஏதாச்சும் ஆகுமா ஐயா?" ஒன்றும் ஆகாது என்றோம். "அப்ப ஏன் ஐயா வாங்குறாங்க?" சித்தன்னவாசல் மலைமேல் கல்லைக் குடைந்து படுத்துப் புலனடக்கம் பயின்ற சமணர்களின் மாவட்டத்தில், எம்.ஏ. தமிழ் படித்த நமக்கு அதற்கு விடை கூறத் தெரியவில்லை.

கடற்பசுவின் கதை இதனினும் துயரமானது. ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் அந்த விலங்கைச் சீனன் வந்து தின்னவில்லை. அதன் இறைச்சி உடம்புக்கு வலு, ஆணுக்கு உரம் என்று நம்பித் தின்றவர்கள் நாமேதான். பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரேயொரு கன்று. அடுத்ததற்குச் சில ஆண்டுகள். இந்தியக் கடல்களில் எஞ்சியவை சில நூறு மட்டுமே. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அதன்பின் வலையில் சிக்கிய கடற்பசுக்களை மீனவர்களே அறுத்துவிட்டுக் கடலுக்கு அனுப்பியதும் செய்தியாயிற்று. வலை அறுந்தால் நட்டம் அவர்களுக்கு. நட்டத்தை ஏற்றுக்கொண்டு நம்பிக்கையை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். படித்தவர்கள் நாமோ தேநீர்க் கடையில் சீனனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

தேநீர்க் கடை நண்பரிடம் இதையெல்லாம் பின்னர் விரிவாகவே சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம் மைத்துனருக்குத் திருமணமாகி ஆறு ஆண்டாகக் குழந்தையில்லை என்றும், லாட்ஜ் வைத்தியரிடம் இரண்டுமுறை போய்வந்தார் என்றும், மனைவியை மட்டும்தான் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். அவரைத் திருச்சியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போகச் சம்மதித்திருக்கிறார்.

மாணவரின் தந்தை பிணையில் வந்துவிட்டார். வாய்தா நாள்களில் மாணவர் விடுப்பு எடுக்கிறார். சென்ற வாரம் வருகைப் பதிவுக் குறைவுக்கு விளக்கக் கடிதம் கொண்டுவந்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார். கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.